47, மேற்கு 63ஆம் தெரு

ஒரே பாட்டு. ஒரே வாத்தியக்காரர்கள். அட்டையில் ஒரே படம். ஆனால் ஒரு தட்டு முப்பது டாலருக்குக் கிடைக்கிறது. இன்னொன்று ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தாலும் கிடைப்பதில்லை. என்னதான் வித்தியாசம் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தால், நடுவில் ஒட்டியிருக்கும் நீலமும் வெள்ளையுமான காகித வட்டத்தில் பொடி எழுத்தில் ஒரு விலாசம்: 47, மேற்கு 63ஆம் தெரு, நியூயார்க். விலை குறைந்த தட்டில் அது இருக்காது. அமெரிக்காவில் மனை விலை ஏறிக் கிடக்கிறது என்று எல்லாரும் புலம்புகிறார்கள். மனையும் இல்லாமல் வீடும் இல்லாமல் விலாசத்தை மட்டும் காசு கொடுத்து வாங்குகிறவர்கள், பழைய ஜாஸ் ரெக்கார்டு சேர்க்கும் என்னைப் போன்ற பிரகிருதிகள்தான்.

அந்த விலாசத்தில் இருந்தது ப்ளூ நோட் என்ற இசைத்தட்டுக் கம்பெனி. பெர்லினிலிருந்து வந்த ஆல்ஃபிரட் லயன் 1939இல் தொடங்கியது. அவருடைய நண்பர் ஃபிரான்சிஸ் வுல்ஃப் நாஜிகளிடமிருந்து தப்பி வந்து கூடச் சேர்ந்துகொண்டு போட்டோ எடுத்தார். முதலில் லெக்சிங்டன் அவென்யூவில் இருந்தார்கள், பிறகு 63ஆம் தெரு, அதன் பிறகு 61ஆம் தெரு. கடைசியில் தெருவே வேண்டாம் என்று லேபிளில் வெறும் ‘நியூயார்க், யு.எஸ்.ஏ.’ என்று போட்டுவிட்டார்கள். அறுபதுகளின் நடுவில் கம்பெனியையே லிபர்ட்டி என்ற இன்னொரு கம்பெனிக்கு விற்றார்கள். இசை வரலாறு எழுதுகிறவர்கள் ஹார்ட் பாப் என்ற ஜாஸ் பாணி எப்போது பிறந்தது, யார் யாரிடமிருந்து பிரிந்தார்கள் என்றெல்லாம் எழுதுவார்கள். எங்களுக்கு அதெல்லாம் இரண்டாம்பட்சம். கம்பெனி எப்போது ஆபீஸைக் காலி பண்ணியது என்பதுதான் வரலாறு.

ஒரு தடவை லிங்கன் சென்டர் பக்கம் போயிருந்தபோது அந்தத் தெருவில் கும்பிடாத குறையாக நின்றேன். என் மனைவி, “யார் வீடுங்க?” என்றாள். “காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க” என்றேன். “எப்ப?” என்றாள். கென்னடி காலத்தில் என்று சொல்ல வாய் வரவில்லை.

இந்தப் பித்து எனக்குக் காரில் பிடித்தது. நெவார்க்கிலிருந்து 88.3இல் ஒலிக்கும் ஜாஸ் வானொலியைக் கேட்டுக்கொண்டே வேலைக்குப் போகிற ஆள் நான். கேட்கிறவரைக்கும் செலவே இல்லை. சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்த நிமிஷத்திலிருந்து மீட்டர் ஓடத் தொடங்கியது.

நியூஜெர்சித் தமிழர்களுக்குப் புண்ணியம் வேண்டுமென்றால் பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயில், பசித்தால் எடிசன் ஓக் ட்ரீ ரோடு. எனக்கு மட்டும் வேறொரு தலபுராணம். ஹேக்கன்சாக்கில் ரூடி வான் கெல்டர் என்று ஒருவர் இருந்தார். பகலில் கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பார். மற்ற நேரத்தில் அப்பா அம்மா வீட்டு ஹாலில் மைக் வைத்து மைல்ஸ் டேவிஸையும் தெலோனியஸ் மங்கையும் பதிவு செய்வார். மங்க் அந்த ஊர்ப் பெயரையே ஒரு பாட்டுக்கு வைத்தார். ஹாலில் டிரம்ஸ் அதிரும்போது அந்த அம்மா சமையலறையிலிருந்து என்ன சொல்லியிருப்பார் என்பதுதான் ஜாஸ் வரலாற்றில் எனக்குள்ள ஒரே ஆராய்ச்சி ஆர்வம். 1959இல் மகன் இங்கிள்வுட் கிளிஃப்ஸில் உயரமான மரக்கூரை வைத்துச் சொந்த ஸ்டூடியோ கட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கே கையுறை போட்டுக்கொண்டுதான் கருவிகளைத் தொடுவாராம்.

அவர் பதிவு செய்ததைத் தட்டாக அச்சடித்த பிளாஸ்டிலைட் ஆலை நார்த் பிளெயின்ஃபீல்டில் இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாது, ஆனால் காய்கறி வாங்கப் போகிற தூரம்தான். அங்கே அச்சான தட்டுகளை ஜப்பானிய ரசிகர்கள் பெட்டி பெட்டியாக வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களைப் போல முன்யோசனை உள்ள மனிதர்களை நான் பார்த்ததில்லை. ஆக, பக்கத்து ஊரில் அச்சான சாமான், பசிஃபிக் சமுத்திரத்தைத் தாண்டிப் போய், ஓர் ஆயுள் காலம் இருந்துவிட்டு, ஏலத்தில் என்னிடம் திரும்பி வருகிறது. தபால் செலவு என் தலையில்.

ப்ளூ நோட்டுக்குப் போட்டியாக இருந்த ப்ரெஸ்டீஜ் கம்பெனியின் மஞ்சள் லேபிளில் நியூயார்க், 50ஆம் தெரு என்று இருந்தால் விலை அதிகம். பிறகு அவர்கள் நியூஜெர்சி பெர்கன்ஃபீல்டுக்கு மாறினார்கள். அந்த விலாசம் இருந்தால் விலை இறங்கிவிடும். நியூஜெர்சிக்குக் குடிவந்ததும் மதிப்பு இறங்குவது எங்களுக்கெல்லாம் பழகிப்போன விஷயம்தான்.

இந்தக் காரியத்தில் எனக்கு வாய்த்த ஒரே கூட்டாளி என் மாமனார். கும்பகோணம் பக்கம் ஒரு கூட்டுறவு வங்கியில் நகை அப்ரைசராக இருந்து ஓய்வு பெற்றவர். பேத்தியைப் பார்க்க வந்தார். பனி கொட்டி வெளியே கால் வைக்க முடியாமல் போகவே, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஜாஸ் அவருக்கு ஒத்துவரவில்லை. “என்ன மாப்ள, ஆளுக்கொரு பக்கம் ஓடுறாங்க, கடைசில எப்படியோ ஒரே இடத்துல வந்து நிக்கறாங்க” என்றார். பெரிய விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதைவிட அது தேவலை. ஆனால் பாட்டை விட்டுவிட்டுத் தட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தபோது அவர் முகம் மாறியது. எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, ஓய்வு பெற்ற பிறகும் கூடவே கொண்டு வந்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தார்.

“இங்க லேபிள் ஓரத்துல ஏதோ கிறுக்கியிருக்கே?”

“அது காது, மாமா.”

பிளாஸ்டிலைட் ஆலைக்காரர்கள் தங்கள் அடையாளமாகப் பாட்டு முடிகிற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவிலுள்ள வெறும் பகுதியில் ‘பி’ என்ற ஆங்கில எழுத்தைச் சுழித்து எழுதுவார்கள். பார்க்கக் காது மாதிரியே இருக்கும். எல்லாரும் காது என்றே சொல்கிறார்கள். லிபர்ட்டி கைக்குப் போன பிறகு ஆலை மாறியது, காதும் போயிற்று. அதன் பக்கத்தில் ‘ஆர்விஜி’ என்று இருந்தால் வான் கெல்டரே வெட்டிய தகடு. லேபிளுக்குள் விரல் நகம் இறங்குகிற மாதிரி ஒரு வட்டப் பள்ளம் இருந்தால் பழைய அச்சு. தட்டின் விளிம்பு தடிக்காமல் தட்டையாக இருந்தால் இன்னும் பழசு. இத்தனையும் சரியாக இருந்து, விலாசமும் சரியாக இருந்தால்தான் அது முதல் அச்சு.

மாமனார் ஒவ்வொன்றாகக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். “அப்ப இதெல்லாம் ஹால்மார்க்” என்றார். நான் வருஷக்கணக்கில் என் மனைவிக்கு விளக்க முடியாததை அவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். “உரைச்சுப் பாக்கலாமா?” என்று மட்டும் கேட்டார். உரைத்தால் தட்டின் விலை போய்விடும் என்று சொல்லித் தடுத்தேன்.

காது இருக்கிறதா என்று விற்கிறவரிடம் கேட்பதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. கேட்டால் அவருக்கு விஷயம் தெரிந்துவிடும், விலை ஏறிவிடும். கேட்காவிட்டால் காதில்லாத தட்டு வந்து சேரும். இண்டியானாவில் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டிருந்த ஒருவருக்கு, “ஐயா, லேபிள் ஓரத்தில் காது மாதிரி ஏதாவது தெரிகிறதா?” என்று மிகப் பணிவாக எழுதினேன். உடனே பதில் வந்தது. “இது இசைத்தட்டு. இதற்குக் காதும் இல்லை, மூக்கும் இல்லை. வேண்டுமென்றால் ஏலம் கேளுங்கள்.” அதிலிருந்து நான் காதைப் பற்றிக் கேட்பதில்லை. “கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், நடுப்பகுதியைக் கிட்டத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்” என்று எழுதுகிறேன். போட்டோ வந்ததும் மாமனார் பூதக்கண்ணாடியோடு கம்ப்யூட்டர் திரைமேல் கவிழ்ந்துவிடுவார்.

ஈபே ஏலத்துக்கு ஒரு பூர்வகதை இருக்கிறது. 1995இல் பியர் ஓமிட்யார் அதைத் தொடங்கியபோது முதலில் விற்றது உடைந்துபோன ஒரு லேசர் பாயிண்டர்; 14.83 டாலர். உடைந்தது என்று தெரிந்துதான் வாங்குகிறீர்களா என்று அவர் கேட்டபோது, உடைந்த லேசர் பாயிண்டர்களைத்தான் நான் சேர்க்கிறேன் என்றாராம் வாங்கியவர். எங்கள் சம்பிரதாயத்துக்கு ஆதிகுரு அவர்தான்.

அந்த ஏலத்தில் நாம் அதிகபட்சம் எவ்வளவு கொடுப்போம் என்பதை எந்திரத்தின் காதில் ரகசியமாகச் சொல்லிவிட வேண்டும். நமக்கு மேலே ஒருவர் கேட்கக் கேட்க, அது நம் சார்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போகும். ஆரம்பத்திலேயே கேட்டால் ஊரைக் கூட்டினதுதான் மிச்சம். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஒரு வாரம் சும்மா இருந்துவிட்டு, கடைசி சில விநாடியில் அடிப்பார்கள். முழுத் தொகையாகவும் கேட்கக் கூடாது. எல்லாரும் இருநூறு என்று போடுவார்கள், நாம் இருநூற்று மூன்று டாலர் ஐம்பத்தேழு சென்ட் என்று போட வேண்டும். இந்த ஐம்பத்தேழு சென்டைத் தீர்மானிக்க நான் யோசித்த அளவு, வீட்டுக் கடன் வாங்கும்போது யோசிக்கவில்லை.

“ஒரு தரம், ரெண்டு தரம்னு சொல்ல மாட்டானா?” என்றார் மாமனார். கடிகாரம்தான் சொல்லும் என்றேன். அவருக்கு அது அநியாயமாகப் பட்டது. “எங்க பேங்க்ல அடகு நகை ஏலத்துக்கு நாலஞ்சு அடகுக்கடைக்காரங்க வருவாங்க. எதிர்த்த டீக்கடையிலயே உக்காந்து யாருக்கு எதுன்னு பேசி முடிச்சிருப்பாங்க. உள்ள வந்து சும்மா கை தூக்குவாங்க. ஒரு சத்தம் இருக்காது. நீங்க ஏன் உங்களை எதிர்த்துக் கேக்கறவனைக் கூப்பிட்டுப் பேசக் கூடாது?”

என்னை எதிர்த்துக் கேட்கிறவர் கே***9. ஏலத்தில் பெயரை முழுதாகக் காட்ட மாட்டார்கள். முன்னும் பின்னும் ஓரெழுத்து, நடுவில் நட்சத்திரங்கள். நான் எந்தத் தட்டுக்கு ஆசைப்பட்டாலும் கடைசி நான்கு விநாடியில் இவர் வந்து பிடுங்கிக்கொண்டு போகிறார். ஒருவேளை அது ஒரே ஆளாகக்கூட இல்லாமல் இருக்கலாம். ஆனால் பகைவன் ஒருவனாக இருப்பதில் ஒரு வசதி இருக்கிறது.

“பேர் தெரியாது மாமா. நட்சத்திரம் மட்டும்தான் தெரியும்.”

“நட்சத்திரம் தெரிஞ்சா போதுமே. என்ன நட்சத்திரம்?”

தட்டின் தரத்தைச் சொல்வதற்கு கோல்ட்மைன் என்ற பத்திரிகையின் ஏணி ஒன்று உண்டு. உச்சியில் ‘மின்ட்’. அதை யாரும் நம்புவதில்லை. தொடாமலே வைத்திருந்தார் என்றால் ஏன் வாங்கினார்? அடுத்து ‘நியர் மின்ட்’. அடுத்து ‘வெரி குட் பிளஸ்’. நாங்கள் புழங்குவது பெரும்பாலும் அந்தப் படியில்தான். அதற்குக் கீழே வெறும் ‘வெரி குட்’ என்றால், பாட்டு மெதுவாக வரும் இடங்களில் கீறல் சத்தம் கூடவே வாசிக்கும். ‘குட்’ என்றால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

இதை விளக்கியதும் மாமனார் யோசனையில் ஆழ்ந்துவிட்டார். சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னார்: “எங்க மேனேஜர் வருஷா வருஷம் என் கான்ஃபிடென்ஷியல் ரிப்போர்ட்ல ‘வெரி குட்’னுதான் போட்டிருந்தார்.”

ஏணியைவிட, விற்கிறவர் எழுதும் வியாக்கியானத்தைப் படிக்கத்தான் பயிற்சி வேண்டும். ‘இது என் தாத்தாவுடையது, எனக்கு ஜாஸ் பற்றி ஒன்றும் தெரியாது’ என்று எழுதியிருந்தால், அவர் கொஞ்ச நாளைக்கு முன்புதான் உங்களைப் போன்ற யாரிடமோ பேசியிருக்கிறார். ‘வாசித்துப் பார்க்க என்னிடம் எந்திரம் இல்லை’ என்றால் வாசித்துப் பார்த்துவிட்டார். ‘அந்தக் காலத்துத் தட்டுக்கு உரிய இயல்பான சத்தம்’ என்பதைப் படித்தால், அடுத்த பட்டியலுக்குப் போய்விடுவது நல்லது.

இவ்வளவு சுத்தம் பார்க்கிற கூட்டம் பிழைக்கு எவ்வளவு மரியாதை தருகிறது என்பதுதான் வேடிக்கை. 1959இல் கொலம்பியா வெளியிட்ட மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப அச்சில் சாக்ஸபோன்காரர் அடர்லியின் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டார்கள். இரண்டாம் பக்கத்து இரண்டு பாட்டுகளின் தலைப்பை இடம் மாற்றிப் போட்டார்கள். பதிவு செய்த அன்று நாடா எந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியதால், முதல் பக்கம் முழுவதும் வேண்டிய சுருதியைவிடச் சற்று மேலே ஒலிக்கும். தொண்ணூறுகளில்தான் அதைத் திருத்தினார்கள். திருத்திய தட்டு கடையில் சாதாரண விலைக்குக் கிடைக்கும். எழுத்துப் பிழையோடு, தலைப்பு மாறி, சுருதி தப்பி வந்ததற்குத்தான் அடிதடி. எங்கள் ஸ்கூல் தமிழ் ஐயா இதைக் கேட்டிருந்தால் என் நோட்டுப் புத்தகங்களையெல்லாம் பத்திரப்படுத்தியிருப்பார்.

அட்டைக்காக வாங்குகிறவர்கள் தனி ஜாதி. கென்னி பரெலின் சில ப்ளூ நோட் அட்டைகளுக்குப் படம் வரைந்த இளைஞர் ஆண்டி வார்ஹால். அதனால் அந்தத் தட்டுகள் ஏலத்துக்கு வந்தால் ஓவியம் சேர்க்கும் பணக்காரர்களும் நுழைந்துவிடுகிறார்கள். நாங்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான். ப்ளூ நோட்டின் புகழ்பெற்ற அட்டைகளில் பெரும்பாலானவற்றை வடிவமைத்த ரீட் மைல்ஸுக்கோ ஜாஸே அவ்வளவாகப் பிடிக்காதாம். அவர் மேற்கத்திய செவ்வியல் இசை ரசிகர்.

ஹாங்க் மோப்லி என்று ஒரு டெனர் சாக்ஸபோன்காரர். 1957இல் அவர் பெயரிலேயே வந்த தட்டு, எண் 1568. ப்ளூ நோட் சேர்க்கிறவர்களுக்கு அதுதான் கைலாயம். அதன் முதல் அச்சில் ஒரு பக்க லேபிளில் ‘நியூயார்க் 23’ என்று இருக்கும், மறுபக்கத்தில் அந்த 23 இருக்காது. நல்ல நிலையில் வந்தால் பல ஆயிரம் டாலர். மோப்லி நுரையீரல் கெட்டு, எழுபதுகளில் வாசிப்பதை நிறுத்தி, 1986இல் 55 வயதில் செத்துப்போனார், கையில் காசில்லாமல். அதே வாத்தியம் வாசித்த டீனா புரூக்ஸ் கதை அதைவிட மோசம். நான்கு தட்டுக்கு வேண்டியதைப் பதிவு செய்தார். உயிரோடு இருந்தபோது வந்தது ‘ட்ரூ ப்ளூ’ ஒன்றுதான். இன்னொன்றுக்கு 4052 என்று எண்கூடக் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். 1974இல் 42 வயதில் போய்ச் சேர்ந்தார். ‘ட்ரூ ப்ளூ’வை அன்று வாங்க ஆளில்லை, அதனால் தட்டுகள் கொஞ்சம்தான் வெளியே போயின, கொஞ்சமாக இருப்பதால் இன்று அடித்துக்கொள்கிறோம். அன்றைக்கு நாலு பேர் கூடுதலாக வாங்கியிருந்தால் அந்த மனிதருக்கு இன்னொரு தட்டு வந்திருக்கும், எனக்கும் செலவு குறைந்திருக்கும். நான் இன்று கட்டுகிற பணத்தில் ஒரு சென்ட்கூட அவர் குடும்பத்துக்குப் போகாது. இதை மாமனாரிடம் சொன்னபோது, “அடகு நகை ஏலத்துலயும் அப்படித்தான் மாப்ள, நகை யாரோடதுன்னு கேக்கறதில்ல. கேட்டா ஏலம் நடத்த முடியாது” என்றார்.

தட்டு வந்து சேர்வது ஒரு தனிக் கண்டம். தட்டை உறையிலிருந்து வெளியே எடுத்துப் பின்னால் வைத்து அனுப்பச் சொல்ல வேண்டும். உள்ளேயே இருந்தால் போகிற வழியில் இடித்து இடித்து அட்டை விளிம்பைக் கிழித்துவிடும். இதைத் தெரிந்தவர்கள் குழந்தையைப் பொதிவதுபோல் பொதிந்து அனுப்புவார்கள். ஒருவர் பீட்சா டப்பாவில் அனுப்பியிருந்தார். தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீடுதான் ஒரு வாரம் வெங்காய வாசனை அடித்தது.

மாமனார் சமையலறைத் தராசில் தட்டை வைத்து எடை பார்த்தார். விலையைக் கேட்டு வகுத்தார். “கிராம் கணக்குல வெள்ளிய விட அதிகம், தங்கத்த விடக் கம்மி. செய்கூலி இல்ல. சேதாரம் உண்டா?” ‘வெரி குட்’ என்று போட்டிருக்கிறார்கள் என்றேன். “அப்ப நிறைய சேதாரம்” என்று குறித்துக்கொண்டார்.

என் மனைவி இதையெல்லாம் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், என் பிறந்த நாளைக்கு ஒரு காரியம் செய்தாள். ப்ளூ நோட்டே பழைய மூல நாடாக்களிலிருந்து புதிதாகத் தட்டு அச்சடித்து விற்கிறது. டோன் போயட் என்று 2019இலிருந்து ஒரு வரிசை. அதில் டீனா புரூக்ஸின் தட்டு ஒன்றைக் கடையில் போய் வாங்கி வந்தாள். கெட்டி அட்டை, உள்ளே வுல்ஃப் எடுத்த போட்டோக்கள், நான் ஏலத்துக்குக் கட்டும் தபால் செலவைவிடக் கொஞ்சம்தான் அதிக விலை. ஊசியை வைத்தேன். கீறல் இல்லை, இரைச்சல் இல்லை. டிரம்ஸ்காரர் குச்சியை மாற்றுவது வரைக்கும் கேட்டது. சொல்லப்போனால் என்னிடமுள்ள எந்த முதல் அச்சும் இவ்வளவு நன்றாகப் பாடாது. அதை வாய்விட்டுச் சொல்லும் உத்தேசம் எனக்கு இல்லை.

பக்கம் முடிந்ததும் மாமனார் தட்டை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து நடுப்பகுதியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

“காது இல்ல. பள்ளம் இல்ல. விலாசமும் சரியில்ல. பில்லு இருந்தா திருப்பிக் கொடுத்துடும்மா.”

“அப்பா, பாட்டு எப்படி இருந்துச்சு? அதைச் சொல்லுங்க.”

“பாட்டா? அதை யாரு கேட்டா?”